சங்கு நண்டுக்கு மணல் பாஸ் ஆன கதை

ஈர மணல் என்றாலே இன்ஜினியருக்கு ஆகாது. "நனைச்ச மணல் உப்பி நிக்கும். அளவுல ஏமாத்துற வேலை" என்பார். தன் காலத்தில் எத்தனை லாரி மணலைத் திருப்பி அனுப்பினார் என்பதை, வீட்டுக்கு வருபவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் தெரிந்துகொண்டுவிடுவார்கள்.

ஆகவே, மனைவி, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சங்கு நண்டுகள் இரண்டை வளர்க்கத் தொடங்கியதும், மணல் தன் இலாகா என்று அறிவித்தார். கடையில் விற்ற நீலச்சாய மணலை விரலில் தேய்த்து, "இது மணலா, முகத்துக்குப் பூசுறதா?" என்று கடைக்காரரைக் கேட்டார். வேறு மணல் தேடி, மூன்று சல்லடையில் சலித்து, கழுவி, மொறமொறவென்று காயவைத்துத் தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினார்.

பெரிய நண்டு தோண்டியது. குழி சரிந்தது. மறுபடி தோண்டியது, மறுபடி சரிந்தது. அதற்குத் தோலுரிக்கும் நேரம். மண்ணுக்குள் வளை எடுத்துப் புதைந்தால்தான் பிழைக்கும். மூன்றாம் நாள் தீனியையும் தொடவில்லை.

"என்னங்க, உப்புத் தண்ணி தெளிச்சாத்தான் வளை நிக்கும். இல்லேன்னா செத்துடும்."

"என் மணல்ல தண்ணியா? முப்பது வருஷ சர்வீஸ்டி!"

"உங்க சர்வீஸ் மேலே கட்டுறவங்களுக்கு. இது உள்ளே குடியிருக்கப் போகுது."

மனைவியின் தம்பி எட்டிப் பார்த்தான். "மாமா, பெரியவர் மாடி கேக்கலை, அண்டர்கிரவுண்டுதான் கேக்குறார். பிளானைப் பாஸ் பண்ணிவிடுங்க."

இன்ஜினியர் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரே குழி நாலு முறை சரிந்தது. ஐந்தாவது முறை நண்டு தோண்டவே இல்லை. எழுந்தார்.

"அந்த உப்புத் தண்ணி எங்கேடி வெச்சிருக்கே?"

தெளித்தார், பிசைந்தார், ஒரு பிடி அள்ளி அழுத்தினார். உருண்டை உடையவில்லை, தண்ணீரும் சொட்டவில்லை. சாயங்காலம் பெரியவரைக் காணோம்.

அடுத்த ஆறு வாரம் இன்ஜினியருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரு ஸ்பூன் தோண்டிப் பாக்கட்டுமா?"

"கையை வெச்சீங்கன்னா தெரியும்!"

ஏழாவது வாரம், புதுத் தோலோடு பெரியவர் மேலே வந்து, பெரிய சங்காகப் பார்த்துக் குடிபுகுந்தார். மைத்துனனுக்கு உடனே ஆள் போனது.

"பாத்தியாடா? ஈர மணல்! உங்கக்கா சொன்னா, நான் கேட்டேன்" என்றார் இன்ஜினியர், கேட்டதற்கே விருது கொடுக்கவேண்டும் என்கிற தோரணையில்.

"முப்பது வருஷத்துல முதல் தடவையா, மாமா?"

"இருக்கட்டுமே. எத்தனை இன்ஜினியர் கேப்பான்?"

நண்டின் புதுத் தோலைவிட மனைவியின் முகம்தான் பளபளத்தது.