கல் விழுந்த கொய்யா

சிம்பாங் ரெங்கத்தில் ராஜசேகரன் முதலாளியின் கொய்யாத் தோட்டத்தில் பதினான்கு வருடமாகப் பழம் தரம் பிரிக்கிறவள் நான். பழைய மண்டோர் ஓய்வு பெற்றபோது தோட்டத்தை மேய்க்கும் அந்த வேலை எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். முதலாளி தன் அக்காள் மகன் வசந்தனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவனிடம் விவசாய டிப்ளோமா இருந்தது. என்னிடம் பல்லும் நாக்கும் இருந்தன. அவற்றுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

பிப்ரவரியில் மழை நின்றது. பிஞ்சுகள் கட்டைவிரல் பருமன் இருந்தன. தண்ணீரைக் குறைத்தால் பழம் இனிக்கும் என்று சொல்லி, வசந்தன் மூன்று வாரத்துக்குக் குழாயை அடைக்கச் சொன்னான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இனிக்கும், உண்மைதான். ஆனால் அது பறிப்பதற்குச் சில நாள் முன்பு செய்கிற வேலை. பிஞ்சில் செய்தால் சதைக்குள் உயிரணுக்கள் சுவர் தடித்துச் செத்து, கல்லாக நின்றுவிடும். எல்லாக் கொய்யாவிலும் அந்தக் கல் கொஞ்சம் உண்டு. தாகத்தில் வளர்ந்த பிஞ்சில் கொத்துக் கொத்தாகச் சேரும். பிறகு ஆற்றையே திருப்பி விட்டாலும் கரையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

குழாய் பார்ப்பவர் என் வீட்டுக்காரர் அர்ச்சுனன். அன்று சாப்பிடும்போது என்னைக் கேட்டார்.

“பிஞ்சுல அடைக்கலாமா புஷ்பா? உனக்குத்தான் தெரியும்.”

“மண்டோர் சொன்னா செய்ங்க. நமக்கென்ன?”

பழம் கெட்டால் வசந்தன் போவான், அந்த வேலை எனக்கு வரும். மூன்று வாரமும் வெடித்த மண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

ஜூனில் சிங்கப்பூர் வியாபாரி வந்தார். பழத்தின் மினுமினுப்புக்கு மயங்குகிற ஆள் இல்லை. ஒரு துண்டை மென்று, சக்கையை உள்ளங்கையில் துப்பி, விரலால் தேய்த்துப் பார்ப்பார். முதல் பழத்திலேயே முகம் சுளித்தார். ஆறு பழம் வெட்டினார், ஆறிலும் நறநறவென்று மணல். சாறு பிழியக்கூட வேண்டாம் என்று சொல்லி லாரியை வெறுமையாகவே திருப்பிக்கொண்டு போனார்.

முதலாளி எங்களைக் கொட்டகையில் நிற்க வைத்து, பிஞ்சில் தண்ணீரை அடைத்தது யார் என்று கேட்டார்.

“குழாய் இவரு பொறுப்பு மாமா. நான் கடைசியில குறைக்கத்தான் சொன்னேன்” என்று வசந்தன் என் வீட்டுக்காரரைக் காட்டினான்.

அர்ச்சுனனுக்கு வாதாட வராது. திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தும் அன்றே ஏன் வந்து சொல்லவில்லை என்பதுதான் முதலாளியின் அடுத்த கேள்வியாக இருக்கும். கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எய்தவன் இருக்க அம்பை நோவார்கள் என்பது நான் அறியாததல்ல. அந்த அம்பு என் வீட்டில் சாப்பிடுகிறது என்பதைத்தான் மறந்துவிட்டேன். அவரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். வசந்தனுக்கு ஓர் அதட்டல், அவ்வளவுதான்.

வீட்டில் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“நீ வாயைத் திறப்பேன்னு நின்னேன்” என்றார். பிறகு, “அடைச்சா கல்லு விழும்னு அன்னிக்கே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்றிருந்தால் நம்பியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர். அந்த நம்பிக்கையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“தெரியும்” என்றேன்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். இப்போது விடியுமுன் பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போகிறார். நான் இன்னும் வசந்தனுக்குக் கீழே பழம் பிரிக்கிறேன்.

என்னிடம் அவர் எதையும் கேட்பதில்லை. நேற்று குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டேன். போதும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். நான் உப்பே போடவில்லை.