காற்றடிக்காத காலிமுகம்

என் புருஷன் ஷரிபுதீன் கொழும்பில் வேலை செய்கிறார் என்று கல்முனைக்குடியில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், அந்தக் காலிமுகத்திடல் போட்டோ வீட்டுக்கு வரும்வரை.

எங்கள் புடவைக் கடையைச் சூறாவளி கூரையோடு தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவர் கொழும்புக்குப் போனார். அங்கே புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றில் வேலையாம். மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. கடிதம் போட மாட்டார். விலாசம் கேட்டால், "லொட்ஜ் மாறிக்கிட்டே இரிக்கன் புள்ள, எத எண்டு தாற?" என்பார். சரி தொலையட்டும் என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

என் உம்மாவுக்கு மட்டும் அது போதவில்லை. மருமகன் கொழும்பில் இருக்கிறார் என்பதை நாலு பேருக்குக் காட்டியாக வேண்டும். "மகன், அங்கத்தய பெரிய பெரிய இடங்கள்ள நிண்டு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வாங்களன்" என்று உம்மாதான் முதலில் கேட்டாள். அடுத்த தடவை பாராளுமன்றக் கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும் படத்தோடு வந்தார். உம்மா அதற்குக் கண்ணாடி போட்டு மண்டபத்துச் சுவரில் மாட்டினாள். பிறகு நகர மண்டபம் வந்தது, நூதனசாலை வந்தது. சுவரில் வரிசை நீண்டது. அண்டை அயல் பெண்கள் வந்தால் உம்மா ஒவ்வொன்றாகக் கைகாட்டி விளக்குவாள். ஒரு நாளும் மட்டக்களப்பைத் தாண்டாத மனுஷி!

அப்போதுதான் கொழும்புக் கடற்கரை, காலிமுகத்திடல் வந்தது. பின்னால் கடல், மேலே வெள்ளை மேகம், நடுவில் எங்கள் ஆள் வெள்ளைச் சேர்ட்டோடு நிற்கிறார். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் மனதில் ஏதோ குடைந்தது.

நான் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் கரையில் போய் நின்றால் தலையில் முந்தானை தங்காது. ஆம்பிளைகள் ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கதைப்பார்கள். இவருக்கோ எண்ணெய் வைத்து வாரிய முடி வாரியபடியே இருந்தது. சேர்ட்டில் ஒரு சுருக்கம் இல்லை. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். இடது காதுக்குப் பக்கத்தில், மேகத்தின் மேல், கறுப்பாக உருண்டையாக ஒன்று இருந்தது.

"உம்மா, மனிசன்ட நிழல் வானத்துல விழுமா?"

"என்ன பேத்தல் கதைக்காய் புள்ள?"

"இவர்ர தல நிழல் மேகத்துல கிடக்கு. வந்து பாருங்க."

உம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "அது அழுக்குடி" என்றாள். துடைக்கத் துடைக்க நிழல் அங்கேயே இருந்தது.

அன்று பகல் சோறு வைக்கும்போது அவரிடமே கேட்டேன்.

"காலிமுகத்துல காத்தடிக்காதா மச்சான்?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "அண்டைக்கு அடிக்கல்ல."

"ஏன், காத்து லீவு போட்டிருந்ததா?"

அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்கு அவ்வளவு சிரிப்புத் தேவையில்லை. "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் புள்ள. கொஞ்சம் ஆணம் ஊத்து" என்றார்.

அவர் மறுபடி புறப்பட்டுப் போன அன்றே படங்களைக் கழற்றிக் கண்ணாடியிலிருந்து வெளியே எடுத்தேன். எல்லாப் படத்துக்கும் பின்புறத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. படத்துக்குப் பின்னால் காகிதம் எதற்கு? எனக்குச் சந்தேகம் உச்சி வரை ஏறியது. உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. படத்தை ஆவியில் பிடித்தேன். பசை இளகிக் காகிதம் கழன்று வந்தது. அதற்குக் கீழே ஊதா மையில் முத்திரை: பூரணி ஸ்டூடியோ, பொத்துவில்.

என் கூடப்பிறந்த காக்கா அபூசாலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் காக்காவுக்கு மச்சான் என்றால் உயிர்.

"கொழும்புக்குப் போற வழியில அங்க எறங்கி எடுத்திருப்பாரு தங்கச்சி."

"கொழும்புக்குப் போற வழியில பொத்துவில் எங்க காக்கா வருது?"

காக்கா கொடியில் கிடந்த சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் ஏறிய பொத்துவில் பஸ் தெற்கே போனது. திருக்கோவிலும் வினாயகபுரமும் பின்னால் போயின. யா அல்லாஹ், நான் பொல்லாத சந்தேகக்காரி என்றே ஊர் சொல்லட்டும், என் சந்தேகம் மட்டும் பொய்யாகட்டும் என்று ஓதிக்கொண்டே போனேன்.

ஸ்டூடியோவுக்குள் போகவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள், போகிற வருகிற சனம் பார்க்கவென்று பெரிதாக ஒரு படம் வைத்திருந்தார்கள். கதிரையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு என் புருஷன் நின்றார். பின்னால் என்னுடைய காலிமுகத்திடல், அதே கடல், அதே மேகம்.

ஸ்டூடியோக்காரர் புண்ணியமூர்த்தி சிரித்துக்கொண்டே வெளியில் வந்தார். "தெரிஞ்ச ஆக்களோ?"

"ஓம், சொந்தம்" என்றேன்.

"நல்ல மனிசன். புள்ளைக்கு நாப்பது நாள் முடிஞ்ச கையோட எடுத்தது. வேல கொழும்பில. மாசத்தில பாதி நாள் அங்கதான், பாவம். ஒரு பகிடி தெரியுமே? கொழும்பில இருக்கிற மனிசன் கொழும்புப் படம் எடுக்க இஞ்சதான் வாறவர். அங்க சனநெருக்கமாம், நிண்டு எடுக்க ஏலாதாம். நானும் படம் வரைஞ்ச திரைய மாத்தி மாத்திப் போட்டுக் குடுக்கிறன்."

கொழும்பில் வேலையாம். அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கும் அதே கதைதான். எங்கள் வீடுதான் அவளுக்குக் கொழும்பு.

காக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த ஊட்டக் காட்டுங்க, இப்பவே போறன்" என்று சாரத்தை மடித்துக் கட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்தப் புள்ள என்ன செஞ்ச காக்கா? அவளும் என்னப் போல ஏமாந்தவதானே."

அந்தப் படத்தில் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு வழியெல்லாம் அழுதேன். இன்னொரு நிகாஹ் செய்ய மார்க்கத்தில் இடம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, 'கொழும்புக்குப் போய் வாறன் புள்ள' என்று சொன்னாரே, அதற்கு எந்த மார்க்கம் இடம் கொடுக்கும்?

அடுத்த தடவை அவர் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரப் படத்தோடு வந்தார். உம்மாவுக்கு அதற்குள் எல்லாம் தெரியும். மூலையில் இருந்து தஸ்பீஹ் மணியை உருட்டினாளே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்களே மாட்டுங்க மச்சான்" என்று சுத்தியலையும் ஆணியையும் கையில் கொடுத்தேன்.

நான் திரும்ப மாட்டியிருந்த படங்களைப் பார்த்தபடி சுவர் ஓரமாகப் போனார். பாராளுமன்றம், நகர மண்டபம், நூதனசாலை, காலிமுகத்திடல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு காலிமுகத்திடல், கதிரையும் பெண்ணும் குழந்தையுமாக. அவருடைய முதுகு அப்படியே நின்றுவிட்டது.

"இது... இது எங்கால வந்தது?" என்றார், திரும்பாமலே.

"ஏன் நடுங்கிறீங்க? காத்தில்லாத இடம்தானே, படம் ஆடாது."

"றபீக்கா, நான் சொல்லுறதக் கேளு..."

நான் கேட்கவில்லை. அவருடைய பையை ஏற்கனவே கட்டி வாசற்படியில் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இது என் வாப்பா கல்யாணத்துக்கு முன்பே கட்டி என் பெயரில் எழுதிய வீடு. நான் எங்கேயும் போகத் தேவையில்லை. வந்தவர்தான் போக வேண்டும்.

"வெளிக்கிடுங்க, கொழும்பு பஸ் போயிரும்" என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தார். ரோட்டில் இறங்கியவர் வழக்கம்போல் கொழும்பு பஸ் நிற்கும் பக்கம் திரும்பினார். நாலடி வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பொத்துவில் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.