கால் ஊனாமல்

பதினெட்டாவது உதைக்கும் வண்டி மசியவில்லை. கிக்கர் எகிறித் திருப்பி அடித்ததில் பிரகதாம்பாளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு, சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பத்தொன்பதாவது தடவையாகக் காலைத் தூக்கினாள்.

கொட்டகைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அவள் புருஷன் சிவசாமி செத்துக்கொண்டிருந்தார். இப்படிப் பச்சையாக நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. அவரு ஆசைப்படுறதச் செஞ்சு குடுங்க."

அவர் ஆசைப்பட்டது தின்கிற பொருளாக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

சிவசாமியின் அக்கா செவந்தி, பால் டம்ளரும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"சொந்தபந்தமெல்லாம் வந்து அவன் வாயில ரெண்டு சொட்டு பாலு ஊத்திட்டுப் போகுது. கட்டுனவ இங்கிட்டு வண்டிய ஒதைச்சுக்கிட்டு நிக்கிற. ஊரு சிரிக்கும் பெரகதா."

"சிரிக்கட்டும் அண்ணி."

செவந்தி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வண்டி வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து சிவசாமி ஓய்வு பெற்ற அடுத்த வாரம், அரிமளத்தில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கதவு நிலை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனார். போன மனுஷன் நிலையோடு வரவில்லை. பழைய இரும்பு எடுக்கும் சவரியப்பனின் குட்டியானை வேனில், துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். விரலில் டெப்போக்காரர்கள் போட்டு அனுப்பிய மோதிரத்தைக் காணவில்லை. பிரகதாம்பாள் விரலையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள். மூன்று நாள் பேசவில்லை.

நான்காம் நாள் அவரே பேசினார். "பி.எஸ்.ஏ. பேண்டம். இங்கிலாந்து வண்டி. மலேயா எஸ்டேட்ல இருந்து கப்பல்ல வந்துருக்கு. இது ரோட்டுல பறக்குற வண்டி இல்ல பெரகதா, ட்ரயல்ஸ் வண்டி. ஹேண்டில்பார் பாரு, எம்புட்டு ஒசரம். சைலன்சர் மேல தூக்கி நிக்கிது. பாறை, சேறு, மேடு எல்லாத்துலயும் ஆமை மாதிரி ஏறும். ட்ரயல்ஸ் போட்டியில வேகத்துக்கு மார்க்கே கெடையாது. காலு கீழ படாம ஏறணும். ஒரு தடவ ஊனுனா ஒரு மார்க்கு. கடைசியில எவனுக்குக் கம்மியோ அவந்தான் ஜெயிச்சவன்."

"அப்ப ஒண்ணுமே வாங்காதவன்?"

"அவந்தான் ராஜா."

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. இறுகிப்போன பிஸ்டனை டீசலில் இருபது நாள் ஊறப்போட்டார். பழைய சக்கரத்துக்குப் புதுக் கம்பி கட்ட நாலு தடவை திருச்சிக்குப் போனார். கார்ப்ரேட்டர் சாமான்கள் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பெட்ரோல் டேங்குக்குள் படிந்த துருவை எடுக்க வழி சொன்னது பிரகதாம்பாள்தான். புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு படி பொடி ஜல்லியைப் போட்டு, மூடியை இறுக்கி, டேங்கைப் பழைய சேலையில் தூளி கட்டிப் போட்டாள். போகும்போது வரும்போதெல்லாம் ஓர் ஆட்டு. உள்ளே ஜல்லி கலகலவென்று உருண்டு துருவைச் சுரண்டியது.

"பேரப்புள்ளைய ஆட்ட வேண்டிய வயசுல இரும்ப ஆட்டுறா" என்று அன்றைக்கும் செவந்திதான் சொன்னாள். மகள் இளமதிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அந்தச் சொல் யாரைத் தைக்கும் என்று செவந்தி யோசிக்கவில்லை.

வண்டி பாதி எழுந்து நின்ற சமயம், சர்க்கரை வியாதி சிவசாமியின் வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. அந்த இங்கிலாந்து வண்டிக்குக் கியரும் கிக்கரும் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். வலது கால் இல்லாதவனுக்கு அதில் வேலையில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சவரியப்பனுக்கு ஒரு போன் போடு. எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

"எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு" என்றாள் பிரகதாம்பாள்.

பதினைந்து வருஷமாக எக்ஸ்எல் மொபெட்டில் பால் கேன் கட்டி சொசைட்டிக்கு ஊற்றப் போகிறவள். கியர் வண்டி அவளுக்குத் தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று. ஓட்டிப் பார்க்கிறேன் என்று வந்த டெப்போ ஆட்கள் இரண்டு பேர், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து வைக்கோல் போரில் போய் விழுந்தார்கள். பிரகதாம்பாளுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை.

போன தை மாதம் வண்டி ஓடியது. கொல்லைக்குப் பின்னால், குடுமியான்மலை ரோட்டைப் பார்த்தபடி வழுக்குப்பாறை கிடக்கிறது. சிவசாமி ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டு வலது கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் ஒருமுறை கால் ஊனினால் ஒரு விரல். முதல் நாள் ஐந்து விரலும் போதவில்லை. மாசியில் மூன்று, பங்குனியில் இரண்டு, சித்திரையில் ஒன்று. அந்த ஒன்றுதான் கழியவில்லை. பாறையின் பாதியில் குறுக்கே ஒரு வெடிப்பு. முன்சக்கரம் அதில் இறங்கியதும் அவளுடைய இடது கால் தானாகக் கீழே போய்விடும்.

"வெடிப்பப் பாக்காத. மேல நிக்கிற கள்ளியப் பாரு" என்பார். அவள் வெடிப்பைத்தான் பார்ப்பாள். ஜன்னலில் ஒற்றை விரல் நிற்கும். "பள்ளிக்கூடத்துல முட்டை வாங்குனா அடி விழும். இங்க முட்டை வாங்குனாத்தான் பாஸ்" என்று ஒரு விரலும் நீட்டாமல் கையை முட்டியாக மூடிக் காட்டிச் சிரிப்பார். "இதக் காட்டிட்டுத்தான் நான் போவேன்."

அதற்குள் சிறுநீரகம் முந்திக்கொண்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி.

இருபத்தேழாவது உதை. பிளக்கைத் துடைத்தாயிற்று, தீப்பொறி வருகிறது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ஆயில் கலந்து புதுசு ஊற்றியாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் வண்டியைத் திட்டினாள்.

செவந்தி மறுபடி வந்தாள். இப்போது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ரெண்டு நாளா வாயத் தொறக்காதவன் தொறந்துட்டான். அக்கான்னு ஒரு வார்த்தை இல்ல, மகளேன்னு ஒரு வார்த்தை இல்ல. 'சைலன்சரப் பாரு'ங்கிறான்."

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து உதைகளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் குனிந்து சைலன்சர் வாயைப் பார்த்தாள். அதை முழுக்க அடைத்துக் காய்ந்த செம்மண் பூச்சு.

குளவிக் கூடு. கொட்டகையில் ஒரு குளவி சுற்றுவதை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அவள் பார்த்திருந்தாள். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை தங்கும் என்பார்கள். அதை யாரும் விரட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வேறு போனாள். எங்கே கட்டுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

திருப்புளியை எடுத்தவளுக்குக் கை போகவில்லை. வாசலில் இளமதி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒடைக்காத ஆத்தா, பாவம்" என்றாள் செவந்தி. அவள் கண் இளமதியின் வயிற்றில் இருந்தது.

இளமதி வந்து தாயின் கையிலிருந்து திருப்புளியை வாங்கினாள். "எனக்கு வர்றது மண்ணுக்குள்ள இருந்தா வரப்போகுது அத்தை? அப்பா காத்துக்கிட்டு இருக்காங்க." இரண்டு குத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நல்லவேளை, கூடு காலியாக இருந்தது. குளவிகள் எப்போதோ சின்ன ஓட்டை போட்டுப் பறந்துபோயிருந்தன.

இருபத்தெட்டாவது உதைக்கு வண்டி பிடித்துக்கொண்டது. நீலப் புகை கொட்டகையை நிறைத்தது. வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் நின்றது.

வண்டியை ஓடவிட்டபடியே அவள் உள்ளே போனாள். சிவசாமியின் கண் திறந்திருந்தது. செவந்தி டம்ளரை நீட்டினாள். கிரீஸ் நாறும் கையால் பிரகதாம்பாள் இரண்டு சொட்டு ஊற்றினாள். உள்ளே இறங்கியது. போய் வரப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால், பக்கத்தில் இல்லாமல் போனவள் என்று காலத்துக்கும் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"நான் வர்ற வரைக்கும் இருங்க" என்றாள்.

அவர் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார். அவர் போகச் சொல்வது அவளுக்குப் புரிந்தது.

பாறை அடியில் வண்டியை நிறுத்தி, ஃபுட்ரெஸ்டில் இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்றாள். முதல் கியர். ஆமை வேகம். கருங்கல் வெயிலில் தகித்தது. வண்டி நிதானமாக மேலே ஊர்ந்தது. வெடிப்பு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்க்கவில்லை. உச்சியில் கள்ளிச்செடி ஒன்று நின்றது. அதில் ஏதோ கிழிந்த பாலிதீன் பை மாட்டிப் படபடத்தது. அந்தப் பையைப் பார்த்தாள். முன்சக்கரம் இறங்கியது. இடது கால் கட்டைவிரல் துடித்தது. கால் எழும்பவில்லை. கொஞ்சம் முறுக்கினாள். சக்கரம் ஏறியது, பின்சக்கரமும் பின்னாலேயே குதித்து ஏறியது. அதற்கு மேல் வெறும் பாறை, அதற்கு மேல் கள்ளி.

உச்சியில் வண்டி நின்ற பிறகுதான் காலைக் கீழே வைத்தாள்.

சிரிப்பு வந்தது. ஐம்பத்தைந்து வயதில், புருஷன் சாகக் கிடக்கும்போது, பாறை மேல் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். வெட்கமாக இல்லை. அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை. கீழே ஜன்னல் ஒரு கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. உள்ளே கை உயர்ந்திருக்கிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

இறங்கி வந்தபோது இளமதி கொல்லைப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற விதமே சொல்லிவிட்டது.

"எப்ப?"

"இப்பத்தாம்மா. வண்டி மேல போயி நின்னுச்சு. நீ கைய ஆட்டுன. அப்பா கையத் தூக்கப் பாத்தாங்க, முடியல. அப்பறம் மூச்சு இல்ல."

பிரகதாம்பாள் பெட்ரோல் குழாயை மூடினாள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மிச்சத்தைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கட்டும் என்று விட்டாள். அவர் எப்போதும் அப்படித்தான் நிறுத்தச் சொல்வார். அது நின்ற பிறகு உள்ளே போனாள்.

மதியத்துக்குள் ஊர் கூடிவிட்டது. வாசலில் பந்தல்கால் ஊன்றினார்கள். குளிப்பாட்டி வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டியாயிற்று. தாடையைக் கட்டிவிட்டு, செவந்தி கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கை இலகுவாக இருந்தது. வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

"வெறைச்சுப் போச்சு. கொஞ்சம் எண்ணெய் கொண்டாங்க, நீவி விடுவோம்" என்று விரல்களைப் பிரிக்கப் போனாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிரகதாம்பாள் அவள் கையைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி. அது எம் மார்க்கு."

செவந்தி அவளைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பாறையையும் பார்த்தாள். பிறகு துணியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். யாரோ கொண்டுவந்த மாலையை, அந்த முட்டி மறையாதபடி கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.