கலியமூர்த்திக்கு மட்டும் ஒரு ரிலே

தொண்ணூற்றாறு ஜனவரியில் தில்லியில் இறங்கிய பனி சாதாரணப் பனியல்ல. ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகனே வேலைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார் என்று சத்தியம் செய்யும் பக்தர்கள் இருக்கிறார்கள். பீடி பற்றவைக்கப் போனால் தீக்குச்சியே நடுங்கி அணையும்.

அப்படியொரு விடியலில் கலியமூர்த்தி வேனின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். ஸ்பேனர் விரலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் தோலும் கூடவே வந்தது. பழைய டீசல் எஞ்சின் குளிரில் லேசில் கண் திறக்காது. சாவியைத் திருப்பியதும், ரிலே என்கிற சின்னப் பெட்டி பேட்டரியின் மின்சாரத்தை ஹீட்டர் பிளக்குகளுக்குத் திறந்துவிட வேண்டும். பிளக்குகள் பழுக்கச் சூடேற வேண்டும். பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் வரும். டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தான். பேட்டரிப் பக்கம் எரிந்தது. பிளக் பக்கம் இருட்டு.

"செத்துத்தான் கெடக்குற. தெரிஞ்சும் தெனம் தொட்டுப் பாக்குறேன் பாரு" என்றான் வேனிடம்.

அவனுடைய தமிழைக் கேட்க அங்கே வேனுக்குத்தான் காது இருந்தது. பெண்டாட்டி விருத்தாசலத்தில். இவன் படுப்பதும் எழுவதும் வேனின் பின் சீட்டில். மற்ற டிரைவர்கள் ஹரியானா, மீரட் பக்கத்து ஆட்கள். அவர்கள் மூட்டும் நெருப்பில் இவனும் கை நீட்டுவான்; பேச்சில்தான் இடம் கிடைக்காது. சில நாள், தான் ஊமையோ என்று சந்தேகம் வந்து, தனியாக இருமிப் பார்த்துக்கொள்வான்.

வேன்கள் சங்கரநாராயணனுடையவை. ஏதோ மந்திரி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ்வாசிகளை லோதி ரோடு ஆபீசுகளுக்கு ஏற்றிப்போகும் தொழில். நாலு வேனிலும் ரிலே செத்து ஒரு குளிர்காலமே போய்விட்டது. ஆனாலும் ஆபீசுக்கு யாரும் தாமதமாகப் போனதில்லை. டிரைவர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் தள்ளிக் கிளப்பிவிடுவார்கள். அது அங்கே எழுதாத சட்டம்.

"தக்கா லகாவ்!" என்று அன்றும் டிரைவர் பல்பீர் தள்ளச்சொல்லிக் குரல் கொடுத்தான். பல்பீரின் குரலுக்கு, அடுத்த செக்டாரில் பால் திரிந்துபோகும். கலியமூர்த்தி ஸ்டீயரிங்கில் உட்கார, மற்றவர்கள் பின்னாலிருந்து, தெருவுக்கு ஏறும் மேட்டை நோக்கித் தோள் கொடுத்தார்கள். கிளட்சை விட்டான். வண்டி குலுங்கிச் செத்தது. சரிவில் பின்னால் உருண்டது. தள்ளிக்கொண்டிருந்த டிரைவர் ரஷீதின் செருப்பு ஈரமண்ணில் வழுக்கியது. சக்கரம் அவன் கால்மேல் ஏறி இறங்கியது.

அந்த அலறலுக்கு எந்த மிகையும் வேண்டாம். கலியமூர்த்திக்கு அது இன்னும் கேட்கிறது.

கட்டுப்போட்டுத் திரும்பிய ரஷீதை, காலை நடைக்கு வந்த முதலாளி குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து பார்த்தார்.

"ரிலே மாத்தியிருந்தா இது நடந்திருக்காதுங்க சார்" என்றான் கலியமூர்த்தி.

"தள்ளினா ஓடறதோல்லியோ? ஓடற வண்டிக்கு எதுக்குடா புது ரிலே?"

"ரஷீது?"

"ஊருக்குப் போகட்டும். வேற ஆள் வருவான்."

அவர் போனபின் பல்பீர் காறித் துப்பினான். இனி ஒருவனும் தள்ளுவதில்லை. நாலு வண்டிக்கும் ரிலே வேண்டும். கால் கூடிவரும்வரை ரஷீதுக்குச் சம்பளம் வேண்டும் என்றான். நாம் தள்ளத் தள்ளத்தான் அவருக்கு மிச்சம் என்பது கலியமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது.

"க்யா மத்ராஸி, எங்களோடு இருப்பாயா?" என்று பல்பீர் கேட்டான். கலியமூர்த்தி தலையாட்டினான். பல்பீரின் பார்வையில் நம்பிக்கை இல்லை.

சேதி எட்டியதும், சாயங்காலம் முதலாளி அவனை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"வா, கலியமூர்த்தி. சாப்ட்டியா? மூஞ்சி ஏன் இப்டி வாடியிருக்கு?"

ஒரு மனுஷன் அவனைத் தமிழில் சாப்பிட்டாயா என்று கேட்டு யுகங்கள் ஆகியிருந்தன. டிகிரி காபி வந்தது. அதன் மணம் குதுப்மினார் உச்சியில் உட்கார்ந்திருந்த புறாக்களையே மயக்கியிருக்கும். அவன் கண் கலங்கியதற்குக் காபியின் சூடு மட்டும் காரணமல்ல. முதலாளி ஒரு சின்ன அட்டைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். புத்தம்புது ரிலே.

"ஒனக்கு மட்டும். காலம்பற மாட்டிண்டு கெளம்பிடு. ஒன்னப் பாத்தா மத்தவாளும் வழிக்கு வந்துடுவா. அவாள்ளாம் யாரோ எவரோ. நாம அப்டியா?"

இரவெல்லாம் பெட்டி அவன் சட்டைப் பைக்குள் கிடந்து நெஞ்சை அழுத்தியது.

விடிந்ததும் எல்லாரும் பார்க்கப் பானெட்டைத் திறந்தான். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினான். பழைய ரிலேயின் நட்டுகள் துருவேறி அடம்பிடித்தன. தடித்த வயர்களின் நுனியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, புதுப்பெட்டியில் முடுக்கினான். நெருப்பைச் சுற்றி ஒருவனும் வசைகூட வைக்கவில்லை, அது வசையைவிட மோசம். அவன் முதுகில் விழுந்த மௌனத்தில் நாலு வேன்களை ஏற்றலாம்.

சாவியைத் திருப்பினான். பிளக்குகள் சூடேறும்வரை பொறுத்தான். முதல் சுழற்சியிலேயே எஞ்சின் உறுமியது.

"கத்தார்!" என்றான் பல்பீர். துரோகி.

கலியமூர்த்தி கதவைத் திறந்துவைத்துவிட்டு நேராக ரஷீதின் வேனுக்குப் போனான். பின் சீட்டில் படுத்திருந்தவனின் தோளடியில் கை கொடுத்து, "பல்பீர் பாய், கால் பக்கம் பிடி" என்று தன் ஓட்டை ஹிந்தியில் கத்தினான். "எல்லாரும் ஏறு. ஸாப் வீட்டுக்குப் போகிறோம்."

பல்பீர் பீடியைத் தரையில் போட்டு நசுக்கினான். அப்புறம் ஓடிவந்தான்.

முதலாளியின் வாசலில் அவன் அடித்த ஹார்ன் சாணக்யபுரித் தூதர்களைப் படுக்கையிலிருந்து உருட்டியிருக்கும். அவர் பால்கனிக்கு வந்தார்.

"என்னடா கூத்து இது? ஸ்டாப்புல ஆபீஸ்காராள்ளாம் வெறைச்சுண்டு நிக்கறா!"

"நாலு வண்டிக்கும் ரிலே வேண்டும், ஸாப். ரஷீதுக்குச் சம்பளம் வேண்டும்" என்றான் கலியமூர்த்தி ஹிந்தியில்.

"தமிழ்ல பேசுடா! நமக்குள்ள எதுக்கு ஹிந்தி?"

தொண்டைக்குள் தமிழ் முட்டி மோதியது. அதை விழுங்கினான். "இவர்களுக்கும் புரிய வேண்டும், ஸாப்."

"ரிலேயக் கழட்டிக் குடுத்துட்டு ஊரப் பாத்துப் போ!"

"கழற்றினால் வண்டி கிளம்பாது, ஸாப். நீங்கள்தான் இறங்கிவந்து தள்ள வேண்டும்."

வேன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வலியோடு ரஷீதும் சிரித்தான். பால்கனிக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அது மறுபடி எப்போது திறக்கும், திறந்தால் வருவது ரிலேயா போலீசா என்று யாருக்கும் தெரியவில்லை. கலியமூர்த்தி எஞ்சினை நிறுத்தவில்லை. டீசல் முதலாளியுடையது, எஞ்சின் சூடு அவர்களுக்கு. பின் சீட்டுக்கு வந்து, ரஷீதின் கட்டுப்போட்ட காலை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

பல்பீர் தன் கம்பளியை விரித்து, ஒரு முனையை அவன் தோளில் போட்டான். அதில் கடுகெண்ணெயும் பீடியும் நாறின.

"நகர்ந்து உட்கார், கலி பாய்" என்றான். "ரொம்ப நேரம் ஆகும் போலிருக்கிறது."