எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கவும்

மாடிக் கட்டடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் பதவிக்கு லவன் தன் பெயரைக் கொடுத்தபோது, செயலாளர் ஸஹாப்தீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையில் கட்டடம் எழும்பிய நாள் தொட்டுத் தியாகராசாதான் தலைவர். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டுவார்கள், ரோல்ஸும் தேத்தண்ணியும் வரும்.

"போட்டியா? இங்க அப்பிடி ஒண்டு நடந்ததே இல்லையே தம்பி."

"யாப்பில இடமிருக்குத்தானே, ஸஹாப்தீன் நானா?"

இருந்தது. விதிப்படி, போட்டி வந்தால் இரண்டு பேரும் கூட்டத்தில் பேசலாம். பிறகு வாக்கெடுப்பு. லவனுக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுத்தான்.

கரண்ட் போனால் அங்கே ஜெனரேட்டர் தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் ஓடும். லிஃப்டுக்கு இணைப்பில்லை. செலவு கூடும் என்று தியாகராசா எப்போதோ எடுத்த முடிவு அது. யாரும் அதற்கு வாக்களித்ததில்லை, யாரும் மறுத்ததுமில்லை. போன மார்கழியில் ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம், லவனின் மனைவி ஹம்சிகாவுக்கு மூச்சுத் திணறியது. வீடு ஆறாம் மாடி. சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில் அவளை இருத்தி, அவனும் அயல் வீட்டுக்காரர் ஒருவருமாகத் தூக்கி இறக்கினார்கள். படி வளைகிற இடங்களில் கதிரை திரும்ப மறுத்தது. ஆஸ்பத்திரியில் அவள் பிழைக்கவில்லை. டொக்டர், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி, அப்படியும் சொல்ல முடியாது என்று முடித்தார். கதிரை கீழேயே நின்றுவிட்டது. இப்போது வாசல் செக்கியூரிட்டி அதில்தான் இருக்கிறார்.

யார் மேலும் பழி போடும் எண்ணம் லவனுக்கு இல்லை. நடந்ததை எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்ல வேண்டும். கேட்டபின் அவர்கள் ஏதாவது ஒரு பக்கம் கை தூக்க வேண்டும். சமையலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது வசனத்தைத் தாண்டக் கொஞ்ச நாள் பிடித்தது.

லிஃப்டில் கண்டவர்கள் பகிடி விட்டார்கள். "மாகாண சபைத் தேர்தலைத்தான் வைக்கிறாங்களில்லை. நீராவது ஒண்டு வையும், சனத்துக்கு வோட்டுப் போடவே மறந்து போச்சு."

கூட்டத்துக்கு முதல் நாள் தியாகராசா வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, குறை நினையாதேயும். போட்டி எண்டு வந்தால் பிளாட்டே இரண்டாப் பிரியும். பேரைத் திருப்பி எடுமன். உப தலைவர் பதவி தாறம்."

"வேண்டாம் அங்கிள். வோட்டுக்கு விடுவம்."

"தோத்தால்?"

"தோக்கிறன்."

கிழவர் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். எழும்பிப் போனார்.

ஞாயிறு காலை, கீழே வாகனங்களை வெளியே எடுத்துவிட்டு பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கியிருந்தார்கள். வழக்கத்தை விடக் கூட்டம். போட்டியைப் பார்க்க வந்தவர்கள்.

தியாகராசா முதலில் எழுந்தார். "இந்தத் துக்கத்தில நிக்கிற பிள்ளையோட போட்டி போட எனக்கு மனம் வரேல்லை. நான் விலகிறன். தம்பியையே நான் முன்மொழியிறன்."

பின்னாலிருந்து யாரோ வழிமொழிந்தார்கள். கைதட்டல். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

"நான் கதைக்கவேணும்," என்றான் லவன்.

ஸஹாப்தீன் அவன் தோளைத் தொட்டார். "போட்டி இருந்தாத்தானே தம்பி பேச்சு. இப்ப என்னத்துக்கு? எல்லாருக்கும் தெரியும். நீங்க மனசப் போட்டு வருத்திக்கொள்ள வாணாம்."

அவனை முன்னால் தலைவர் கதிரைக்குக் கூட்டிப் போனார்கள். சமையலறையில் சொல்லிப் பார்த்த முதல் வசனத்தை அவன் விட்டுவிட்டான்.

"லிஃப்டை ஜெனரேட்டரோட இணைக்கவேணும்," என்றான். "வாக்கெடுப்புக்கு விடுறன்."

"வாக்கெடுப்பு என்னத்துக்குத் தம்பி? நீர் சொன்னால் சரிதானே," என்றது ஒரு குரல். பலர் தலையாட்டினார்கள்.

"எதிர்க்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழவில்லை. கடலோரமாக ரயில் ஒன்று போனது. அது போய் முடியும் வரைக்கும் பொறுத்திருந்தான்.

"ஆராவது தூக்குங்கோ. செலவு கூடும் எண்டாவது சொல்லுங்கோ."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தியாகராசா அன்பாகத்தான் சொன்னார்.

"ஒருத்தரும் எதிர்க்க மாட்டினம், தம்பி. இதில எதிர்க்க என்ன கிடக்கு? முந்தி ஆரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் முந்தியே செய்திருப்பம்."

லவன் அவரைப் பார்த்தபடி இருந்தான். பின்னால் ரோல்ஸ் தட்டைத் திறந்துவிட்டார்கள், வாசம் வந்தது. ஸஹாப்தீன் பேனையோடு காத்திருந்தார். முடிவைத் தலைவர் வாயால் அறிவித்தால்தான் பதியலாம்.

"ஏகமனதாக," என்றான் லவன்.