சிவப்பு மேஜை

"பின்னாடி வேலை பாக்கறவங்களுக்கு கிளவுஸ் வேணும் மேடம். எங்க அம்மாவுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

முதலாளியம்மா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேட்டவள் அந்தப் பூக்கடையின் முன்னறையில் வேலை பார்க்கிறவள். கேட்டபோது குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பேருந்தில் வைத்துச் சொன்னாள். கடைக்குள் நுழைந்துவிட்டால் நான் உனக்கு யாரோ, நீ எனக்கு யாரோ. எனக்காக நீ வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்தப் படிப்புக்கு இப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, படங்களைக் காட்டி, எந்தப் பூ, எந்த நிறம் என்று முடிவு செய்ய வைப்பது அவள் வேலை. முடிவான பூவை அலங்காரமாக்குவது பின்கட்டில் இருக்கும் பெண்கள். அவர்களில் ஒருத்தி அம்மா.

"ரப்பரை மாட்டிக்கிட்டு ரோஜாவைத் தொட்டா இதழ் கசங்கிடும்மா. விரலுக்குத் தெரியணும், எவ்வளவு அழுத்தலாம்னு," என்றாள் முதலாளியம்மா. அவளுக்கு எப்போதும் மெல்லிய குரல்தான்.

"மண்டபத்துல பூ குடுக்கறப்போ எங்களுக்கு வெள்ளை கிளவுஸ் குடுக்கறீங்களே மேடம்."

"அது பாக்கறவங்களுக்கு. பின்னாடி யாரு பாக்கறா?" முதலாளியம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீ முன்னாடி உக்கார்ற பொண்ணு. பின்னாடி கதை உனக்கெதுக்கு?"

பின்னாடி கதை இதுதான். தண்டுகளை நறுக்கும்போது வடியும் சாறும், பூ கெடாமலிருக்க மேலே தெளித்து வரும் மருந்தும் விரல் நுனிகளைத் தின்றுவிடும். முதலில் அரிக்கும். பிறகு தோல் தடித்து, காய்ந்த சேறு மாதிரி வெடிக்கும். பூவை விட்டு விலகியிரு, இல்லாவிட்டால் கையுறை போடு என்று மருத்துவர் சொன்னபோது அம்மா தலையை நன்றாக ஆட்டிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். கடையில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். விரல் வெடித்தவர்களை சிவப்பு மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சிவப்பு ரோஜாவுக்குத்தான் வேலை. சிவப்பில் எது பட்டாலும் தெரியாது. வெள்ளை மேஜையில் உட்கார்ந்திருந்த அம்மா சிவப்பு மேஜைக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அதற்கு அப்புறம் போக வேறு மேஜை கிடையாது.

அன்றைக்கே ஒரு கல்யாணப் பெண் சித்தியோடு வந்தாள். மறுநாள் காலை அவளுக்குக் கல்யாணம். மண்டபம் முழுக்க சிவப்பு ரோஜா என்று எப்போதோ முடிவாகியிருந்தது. நல்ல பெண், வந்ததும் தாமதமாகச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்டாள். போட்டோ எடுப்பவர் சொன்னாராம், மண்டப வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாக விழுகிறதாம். எல்லாவற்றையும் வெள்ளையாக மாற்ற முடியுமா?

வேறொரு நாளாக இருந்தால் வெள்ளைப் படங்களை உடனே விரித்துக் காட்டியிருப்பாள். அன்றைக்கு எழுந்து போய் இளஞ்சிவப்பு, செங்கல் நிறம், விளிம்பு மட்டும் வெளுத்த சிவப்பு என்று கொத்துக்கொத்தாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். இந்தச் சிவப்பு கறுக்காது என்றாள். வெள்ளை சீக்கிரம் வாடும், விரல் பட்டால் பழுப்பேறிவிடும் என்றும் சொன்னாள். பெண் ஒரு பூவை எடுத்துத் தன் கன்னத்தருகே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். கிட்டத்தட்ட சரி என்று சொல்லும் முகம் அது.

"வெள்ளைதாம்மா உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்." முதலாளியம்மா அறையிலிருந்து வந்து நின்றாள். "பாதை முழுக்க இதழ் தூவி விட்டுடலாம். மேகத்துல நடக்கற மாதிரி இருக்கும்."

சித்தி கைதட்டாத குறை. முடிந்தது.

பின்கட்டுக்குப் போனபோது சிவப்பு மேஜையை ஏற்கெனவே துடைத்து, கால்களை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். மண்டபம் முழுக்க வெள்ளை என்பதால் ஆள் போதவில்லை. அம்மா வாளி கழுவக் காத்திருந்தாளாம். அவளையும் வெள்ளை மேஜைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். ஓடு வேய்ந்த நீளமான அறை. தரையெல்லாம் தண்ணீர், இலை, முள். குளிர் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் பெண்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

"வா டிகிரி. ஏசி அலுத்துப்போச்சா?" என்றாள் ரேடியோ. வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். இவளுக்கு டிகிரி என்று பெயர் வைத்ததும் அவள்தான். "சிவப்பை நல்லா வித்தியாமே. இன்னும் கொஞ்சம் விட்டா மாப்பிள்ளையையும் சிவப்பா மாத்தியிருப்பே."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை. வெடிப்புகளின் மேல் பூ ஒட்டுகிற பசையைத் தடவிக் காயவைத்திருந்தாள். விரல் நுனிகள் கண்ணாடி பூசியதுபோல மினுங்கின. மொட்டாக வரும் ரோஜாவின் ஒவ்வோர் இதழையும் கட்டைவிரலால் வருடி, விளிம்பைப் பின்னுக்கு மடிக்க வேண்டும். அடுக்கடுக்காக மடித்தால் மொட்டு உள்ளங்கை அகலத்துக்கு விரியும். கல்யாணத்தில் எல்லாரும் எவ்வளவு பெரிய ரோஜா என்று வியப்பது அந்தக் கட்டைவிரலைத்தான்.

கையுறை கேட்ட செய்தி அதற்குள் பின்கட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கதை சொன்னாள். முன்னே ஒருத்தி இருந்தாளாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் லேபர் ஆபீசுக்குப் போய்க் கையைக் காட்டினாளாம். அதிகாரி வந்தார், முன்னறையில் உட்கார்ந்தார், குளிர்ச்சியாக ஏதோ குடித்தார், ஒரு ரோஜாவை மோந்துபார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்தப் பூக்கடையும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளாம்.

"அந்தக் கையோட?" என்று கேட்டாள் டிகிரி.

"வேற கைக்கு எங்க போறது?" என்றாள் ரேடியோ.

தண்ணீரில் ஊறிய பசை உரிய ஆரம்பித்திருந்தது. அம்மா ஒரு பூவை மடித்து முடித்து, திருப்பிப் பார்த்தாள். வெளி இதழ் ஒன்றில் கடுகளவு சிவப்புக் கறை. அந்த இதழைக் கிள்ளி, இடுப்பில் கட்டியிருந்த முன்கட்டுத் துணியின் பைக்குள் போட்டாள். அடுத்ததில் இரண்டு. கிள்ளினாள். அதற்கடுத்ததில் மறுபடியும். மகள் பார்ப்பது தெரிந்ததும் கண்ணாலேயே போ என்றாள்.

மதியத்துக்கு மேல் முதலாளியம்மா பின்கட்டுக்கு வந்தாள். வாளி வாளியாகப் பார்த்துக்கொண்டே போனவள் ஒரு வாளியின் முன் நின்றாள். அதிலிருந்து ஒரு ரோஜாவையும் பக்கத்து வாளியிலிருந்து ஒன்றையும் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். ஒன்று பெரியது. மற்றது அதன் குழந்தை போல இருந்தது. யார் மடித்தது என்று கேட்டாள். ரேடியோ குனிந்து தரையிலிருந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"பூவே அப்படித்தான் வந்துதுங்க," என்றாள் அம்மா.

முதலாளியம்மா அம்மாவின் புடைத்திருந்த பையைப் பார்த்தாள். அதைக் கவிழ்க்கச் சொன்னாள். ஈர இதழ்கள் மேஜையில் குவிந்தன. எல்லாம் வெள்ளை, விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பும் பழுப்பும். சத்தம் போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஓர் இதழை விரலால் தள்ளிவிட்டு, இதையெல்லாம் பாதைக்குத் தூவுகிற கூடையில் சேர்த்துவிடச் சொன்னாள். மிதிபடப் போவதுதானே என்றாள்.

பிறகு மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"அம்மாகிட்ட நீயே பதமா சொல்லிடு, இனிமே வர வேண்டாம்னு. நான் சொன்னா மனசு நொந்துடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இது இங்க வந்த வியாதி இல்லம்மா. வீட்டுல சோப்புத் தண்ணில கை வெச்சு வெச்சு வந்திருக்கும். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே."

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெளியே வந்தபோது அம்மா முன்கட்டுத் துணியை அவிழ்த்து, அலசி, உதறி, ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். யாரோ நாளைக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுபோல மடிப்பை நீவி விட்டாள்.

பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உன்னாலன்னு நெனச்சுக்காதே. கேட்டாலும் கேக்காட்டியும் இதுதான். நீ மட்டும் விட்டுடாதே கண்ணு. நாளைக்கு மண்டபத்துக்குச் சிரிச்ச முகமா போ."

வீட்டுக்கு வந்து அம்மாவால் ரவிக்கையின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. மகள்தான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அம்மா இரு கைகளையும் யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை மண்டப வாசலில் முதலாளியம்மா, கடைப் பெயர் போட்ட அடையாள அட்டை எங்கே என்று கேட்டாள்.

"வீட்ல இருக்கு மேடம்."

மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு முதலாளியம்மா வெள்ளைக் கையுறைகளை நீட்டினாள். மெல்லிய பருத்தி, மணிக்கட்டில் ஒரு சின்னப் பொத்தான். டிகிரி அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தாள். வாங்கியவர்கள் எவ்வளவு பெரிய பூ என்றார்கள். பின்கட்டுப் பெண்கள் விடிவதற்குள் வளைவுகளையும் மேடையையும் முடித்துவிட்டு வெளியே வண்டியில் காத்திருந்தார்கள். விருந்தாளிகள் வந்த பிறகு அவர்கள் உள்ளே வரக் கூடாது.

கல்யாணப் பெண் வந்தாள். வாசலிலிருந்து மேடைவரை இதழ்கள் கணுக்கால் புதையக் கிடந்தன. நாலடி நடந்தவள் நின்று, குனிந்து ஓர் இதழை எடுத்தாள்.

"இது என்ன ரகம்? ஓரத்துல மட்டும் லேசா நிறம் இருக்கே. ரொம்ப அழகா இருக்கு."

"அது தனி ரகம்மா," என்றாள் முதலாளியம்மா. "உங்களுக்காகவே வரவழைச்சது."

போட்டோ எடுப்பவர் அந்த இதழைப் பெண்ணின் உள்ளங்கையில் வைக்கச் சொல்லிக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தார். மருதாணி சிவந்த உள்ளங்கை. வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். பெண் இதழைக் கீழே விட்டுவிட்டு நடந்தாள். சித்தி நடந்தாள். பின்னால் வந்தவர்களெல்லாம் நடந்தார்கள்.

டிகிரி கடைசி ரோஜாவை ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டுப் பாதையோரம் உட்கார்ந்தாள். மிதிபடாத இடத்திலிருந்து கறைபட்ட இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையுறை போட்ட உள்ளங்கையில் சேர்த்தாள். பிறகு கையுறையை மணிக்கட்டிலிருந்து உரித்து, உட்புறம் வெளியே வரும்படி கழற்றினாள். இதழ்கள் உள்ளே போய்விட்டன. வாயை முடிந்து பைக்குள் வைத்தாள். மற்றக் கையுறையைக் கழற்றிக் காலி வாளியின் மேல் போட்டாள்.

"ஏய், எங்க போறே? மேடைக்குப் பூ குடுக்கணும்." முதலாளியம்மாவின் குரல் முதல் தடவையாகச் சற்று உயர்ந்தது.

அவள் திரும்பவில்லை. இதழ்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வாசலைத் தாண்டினாள்.

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பெண்கள் கவிழ்த்த வாளிகளின் மேல் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உட்காரும் வாளி காலியாக இருந்தது. ரேடியோ டிகிரியின் வெறுங்கைகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவள் போகிற திசையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்து எதிர்ப்பக்கம்.

"பஸ் ஸ்டாண்டு ஆபீசுக்கா?"

"ஆமாக்கா."

ரேடியோ காலருகே இருந்த வாளியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு முகத்தை வண்டிக்குள் திருப்பிக்கொண்டாள்.

"நான் உன்னைப் பாக்கலை கண்ணு. போ."

மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் போனாள்.