சாண் சுருங்கிய ஊர்

"அந்த இரும்பு டேப்பைத் தூக்கிக் குப்பையில போடுடா. அப்பா கை போதாதா உனக்கு?"

"அப்பா கையில மில்லிமீட்டரா போட்டிருக்கு, அண்ணே? கசாப்புக்காரர் வீட்டு நிலையை நீ சாணால அளந்தே. கதவை நான் டேப்பால அளந்தேன். இப்ப கதவு உள்ள போகாம பல்லைக் காட்டிட்டு நிக்குது."

"பல்லைக் காட்டுறது நீதான்டா."

அண்ணன் உளியை ஓங்கினான். தம்பியின் கழுத்துக்குக் குறுக்கே அப்பாவின் வலது கை நீண்டது. சுண்டுவிரல் மரத்தூளில் விழுந்தது. வார்னிஷ் டப்பாவோடு நின்றிருந்த மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பதினொன்றே கால். அந்த நிமிடத்தில் அப்பா இதுவரை செய்து கொடுத்த மரச்சாமான்கள் யாவும், ஊர் முழுக்க, சாணுக்கு ஒரு விரற்கடை சுருங்கின.

கப்பலை விட்டு இறங்கியபோது அப்பாவுக்கு இந்த நாட்டு எண்களைப் படிக்கத் தெரியாது. அதனால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை விரித்த கையையே அளவுகோலாக்கிக்கொண்டார். இருபத்தாறு வருடங்களில் கதவு, கட்டில், தொட்டில், சவப்பெட்டி என்று பாதி ஊர் அந்தக் கையின் அளவில்தான் வாழ்ந்தது, செத்தது. இப்போது மேசை இழுப்பறைக்குள் கை விட்டிருந்த வக்கீலுக்கு மணிக்கட்டு முறிந்தது. இடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெட்டியின் மூடியை உடைத்துக்கொண்டு பிணத்தின் முழங்கால்கள் எட்டிப் பார்த்தன. மதியத்துக்குள் கூட்டம் பட்டறைக்கு வந்துவிட்டது. தம்பியின் தாடையை உடைத்தார்கள், பலகை அடுக்குக்குத் தீ வைத்தார்கள். "பிழைக்க வந்த பயலுங்க, ஊரையே சின்னதாக்கிட்டானுங்க! விரலை வெட்டினவன் கை எங்களுக்கு வேணும்" என்றார் கசாப்புக்காரர். அண்ணனைக் காணவில்லை.

மகள் தன் கையைக் கசாப்புக்காரரின் கடைக்கதவில் விரித்து வைத்தாள். அவளுக்கு அப்பாவின் கை, நகம்கூட மாறாமல். சாண் சாணாக அவள் அளந்துகொண்டே போக, கதவு முனகியபடி பழைய உயரத்துக்கு வந்தது. கசாப்புக்காரர் மீசையைத் தடவிவிட்டு, "சரி, அடுத்த வீட்டுக்குப் போ" என்றார். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. மூன்று நாளில் நூற்றுப்பத்து வீடுகள். அவள் அளந்தவை அவள் கைக்குக் கட்டுப்பட்டன, பிறகு அசையவில்லை. தன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாவின் கை கறுத்துப்போய், டாக்டர் மோதிரவிரலையும் எடுத்தார். அவள் இன்னும் அளக்காதவை மறுபடி சுருங்கத் தொடங்கின. மகள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலிகள் பொம்மைச் சாமான்கள்போல நின்றன. அம்மாவின் துணி அலமாரி மட்டும் இறுகி இறுகி நெரிபட்டுக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் ரத்தம் கோடாக இறங்கியது. உள்ளே எலும்பு ஒன்று முறியும் சத்தம் கேட்டது.

"யாரு, தங்கச்சியா? ஊர்க்காரங்க இல்லையே?" உள்ளிருந்து அண்ணனின் குரல்.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கசாப்புக்காரரின் ஆட்கள் தெருமுனையில்தான் நின்றார்கள். அலமாரி விரிந்தால் கதவு திறக்கும். அப்பாவின் ரத்தம் அவள் புறங்கையில் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கி, பலகையைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு, காற்றில் விரித்தாள்.

"மூச்சு விட முடியலம்மா. ஒரே ஒரு சாண் வை."